அமிகா 500 கணினியில் வெளி பிளாப்பி டிரைவை இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கமோடோர் அமிகா 500-இன் வலப்பக்கத்தில் ஒரு பிளாப்பி டிரைவ் உள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் டிஎஃப்0. வெளியே சேர்க்கும் முதல் டிரைவ் டிஎஃப்1 ஆகிறது. இரண்டாவது டிரைவ் கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது கேபிளைச் செருகிப் பார்ப்பதுதான். அந்த அவசரத்தில் நல்ல கணினிகள் பழுதாவதைப் பார்த்துப் பார்த்து, எனக்குப் பலன் தந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

வரிசை இப்படி இருப்பதற்கு இரண்டு காரணங்கள். டிரைவுக்கான கேபிளில் தரவு மட்டும் போவதில்லை, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சேர்ந்தே போகின்றன. அடுத்து, என்னென்ன டிரைவ்கள் இருக்கின்றன என்று அமிகா தொடங்கும்போது மட்டுமே பார்க்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள படிகள் எதற்கு என்பது தானாகவே புரியும்.

1. கையில் இருக்க வேண்டியவை

அமிகாவுக்கென்றே செய்யப்பட்ட 3.5 அங்குல வெளி டிரைவ் வேண்டும். கமோடோரின் ஏ1010, குமானாவின் டிரைவ்கள் போன்றவை அதிகம் கிடைக்கும். அமிகா 1000, 2000, 600, 1200 ஆகியவற்றுக்காக விற்ற வெளி டிரைவ்களும் இதே 23 பின் இணைப்பியைக் கொண்டவையே. அவை 500-இலும் ஓடும்.

அடாரி எஸ்டி டிரைவ் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். ஆனால் அதன் கேபிள் முனை வட்டமானது, 14 பின் கொண்டது. பழைய மேக்கின்டாஷ் டிரைவின் முனையில் 19 பின்கள் இருக்கும். இரண்டும் இங்கே உதவாது. வாங்கும் முன் கேபிள் முனையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பின்களை எண்ணுங்கள்.

பிசியிலிருந்து கழற்றிய டிரைவைக் கேபிள் மட்டும் மாற்றிப் பயன்படுத்த முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. பிசி டிரைவில் டிஸ்க் மாறியதைச் சொல்லும் செய்தி 34-ஆம் பின்னில் வருகிறது. அமிகா அதை 2-ஆம் பின்னில் எதிர்பார்க்கிறது, 34-இல் 'டிரைவ் தயார்' என்ற செய்தியை எதிர்பார்க்கிறது. இதைச் சரிசெய்தாலும் இன்னொரு தடை உண்டு. கணினி தொடங்கும்போது வெளி டிரைவின் மோட்டார் இணைப்பையும், எந்த டிரைவ் என்று குறிக்கும் தேர்வு இணைப்பையும் ஏற்றி இறக்கி, தயார் இணைப்பின் வழியே 32 பிட் அடையாள எண் ஒன்றைப் படிக்கிறது. அந்தப் பதிலைத் தருவதற்கென்று அமிகா டிரைவின் பெட்டிக்குள் ஒரு சிறு சர்க்யூட் இருக்கிறது. அது இல்லாத டிரைவ் கணினியின் கண்ணில் படாது. பிளாப்பிக்குப் பதில் யுஎஸ்பி குச்சியைப் படிக்கும் கோடெக் (Gotek) போன்ற மாற்று டிரைவை வெளியே வைப்பவர்களுக்கும் இதே விதிதான்: அடையாளச் சர்க்யூட் உள்ள 23 பின் பலகையோடு வாங்க வேண்டும்.

மேலும் தேவையானவை: நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு வொர்க்பெஞ்ச் டிஸ்க் (அமிகாவின் சின்னங்கள் நிறைந்த திரையைத் தரும் தொடக்க டிஸ்க்), அழித்தாலும் கவலையில்லாத இரண்டு மூன்று டபுள் டென்சிட்டி டிஸ்க்குகள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, மல்டிமீட்டர்.

டிஸ்க் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு பக்கமும் துளை உள்ள ஹை டென்சிட்டி டிஸ்க்கின் ஒரு துளையை ஒட்டி மூடிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள். அமிகாவின் 880 கேபி டிரைவ் அந்தத் துளையைப் பார்ப்பதே இல்லை. ஹை டென்சிட்டி டிஸ்க்கின் காந்தப் பூச்சு வேறு. அதில் எழுத இன்னும் வலுவான காந்தப்புலம் வேண்டும். இன்று எழுதியது இன்று படிக்கும், சில மாதங்களில் பிழை காட்டும். சோதனைக்கு அதைப் பயன்படுத்தினால், பழுது டிரைவிலா டிஸ்க்கிலா என்று கடைசிவரை தெரியாது.

2. பவர் சப்ளையைப் பார்த்துவிடுங்கள்

பெரும்பாலான வெளி டிரைவ்களுக்குத் தனி மின்சாரம் கிடையாது. கணினி குடிக்கும் அதே பவர் சப்ளையிலிருந்துதான் இவையும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே டிரைவைத் தொடுவதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும்.

அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். முதலில் உள்ளீட்டு வோல்டேஜ். அமெரிக்காவிலிருந்து வந்தது 110-120 வோல்ட்டுக்கானதாக இருக்கும். அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அதோடு முடிந்தது. அடுத்து வெளியீடு. 500-க்கான சப்ளையில் 5 வோல்ட் பக்கம் 4.5 ஆம்பியர் அளவுக்கு எழுதியிருக்கும். அமிகா 1200-உடன் வந்த எடை குறைந்த சப்ளை அதே பிளக்கில் பொருந்தும், ஆனால் 3 ஆம்பியர் மட்டுமே தரும். ரேம் விரிவாக்கமும் வெளி டிரைவும் சேர்ந்த 500-க்கு அதை நான் நம்ப மாட்டேன்.

கணினி ஓடும்போது 5 வோல்ட் பக்கம் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த வகை சப்ளைகள் சும்மா இருக்கும்போது ஒன்றும், சுமையில் வேறொன்றும் காட்டும். திறந்த கணினியில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முனை வழுக்கி 12 வோல்ட் தவறான இடத்தில் பட்டால் சில்லு போய்விடும்.

அப்படியே அடிப்பக்கக் கதவைத் திறந்து ரேம் விரிவாக்கப் பலகையையும் ஒருமுறை பாருங்கள். கமோடோரின் ஏ501 போன்ற பலகைகளில் கடிகாரத்துக்கான பேட்டரி இருக்கும். அது கசிந்து பச்சை படிந்திருந்தால், டிரைவைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் பேட்டரியை அகற்றிப் பலகையைச் சுத்தம் செய்யுங்கள்.

3. கணினியைத் தனியாக ஓட்டுங்கள்

வெளி டிரைவ் இல்லாமல் கணினியைப் போடுங்கள். திரை அடர் சாம்பல், வெளிர் சாம்பல், வெள்ளை என்று மாறி, ரோமில் உள்ள தொடக்க நிரலான கிக்ஸ்டார்ட் 1.3 பதிப்பாக இருந்தால் டிஸ்க்கைப் பிடித்த கை ஒன்றின் படம் வர வேண்டும். பச்சையில் நின்றால் சிப் ரேமில் பழுது, சிவப்பில் நின்றால் ரோமில் பழுது. இந்த நிலையில் டிரைவைச் சேர்ப்பதில் பயனில்லை.

வொர்க்பெஞ்ச் டிஸ்க்கை உள் டிரைவில் போட்டுத் திரை முழுதாக வரும்வரை காத்திருங்கள். மேல்பட்டையில் மீதமுள்ள நினைவகம் எண்ணாகத் தெரியும். அதைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். வெளி டிரைவைச் சேர்த்த பிறகு முதல் முறையாகக் கணினியைப் போட்டு, அது தொடங்காவிட்டால், குற்றம் கணினியிலா டிரைவிலா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது.

4. டிரைவையும் டிஸ்க்குகளையும் சுத்தம் செய்யுங்கள்

டிரைவின் மேல்மூடியைக் கழற்றுங்கள். தலை நகரும் தண்டில் உள்ள பழைய கிரீஸ் பல டிரைவ்களில் பசைபோல் இறுகியிருக்கும். அதைத் துடைத்தெடுத்து, மெல்லிய புது கிரீஸ் ஒரு துளி வையுங்கள். தலையைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் தடையில்லாமல் ஓட வேண்டும்.

படிக்கும் தலைகள் இரண்டு, மேலொன்று கீழொன்று. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டையும் துடையுங்கள். மேல் தலை மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் நிற்கிறது. குச்சி நுழையும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். அதிகம் தூக்கினால் தகடு வளைந்துவிடும், பிறகு அதை நிமிர்த்திச் சரிசெய்வது நடக்காத காரியம்.

டிஸ்க்கின் உலோகக் கதவை விலக்கி, நடுவட்டத்தைச் சுற்றிச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பரப்பு ஒரே பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான திட்டுகளோ வெள்ளைப் புள்ளிகளோ தெரிந்தால் அது பூஞ்சை. நம்மூர் ஈரக்காற்றில் இது மிகவும் சகஜம். அப்படிப்பட்ட டிஸ்க்கைச் சுத்தம் செய்த டிரைவில் போடாதீர்கள். தலையில் அழுக்கு ஏறி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும்.

5. இணைப்பது: மின்சாரம் முற்றிலும் நின்ற பிறகு

அமிகா 500-இன் பவர் ஸ்விட்ச் சப்ளை பெட்டியின் மேல் இருக்கிறது. அதை அணைத்து, சுவரிலிருந்தும் பிளக்கைப் பிடுங்குங்கள். அரை நிமிடம் பொறுங்கள்.

கணினி ஓடும்போது இந்தக் கேபிளைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. டிரைவைக் கட்டுப்படுத்தும் இணைப்புகள் 8520 என்ற எண் கொண்ட இரண்டு சில்லுகளிடம் போகின்றன. இணைப்பியின் 12-ஆம் பின்னில் 5 வோல்ட், 23-ஆம் பின்னில் 12 வோல்ட் ஓடுகிறது. முனை கோணலாக நுழையும் அந்த ஒரு நொடியில் மின்சாரம் பக்கத்துப் பின்னுக்குப் பாய்ந்தால் சில்லு எரிந்துவிடும். யுஎஸ்பியில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத கட்டுப்பாடு. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பின்பக்கத்தில் ஆடியோ சாக்கெட்டுகளுக்கு அடுத்து இருப்பதுதான் டிரைவுக்கான 23 துளைச் சாக்கெட். வீடியோவுக்கும் 23 பின் இணைப்பிதான், ஆனால் அதில் கணினிப் பக்கம் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். டிரைவ் சாக்கெட்டில் துளைகள் இருக்கும். குழப்பம் வருவது பிரிண்டருக்கான 25 துளைச் சாக்கெட்டில். அகலம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிவதால், மேசைக்குப் பின்னால் கையை மட்டும் விட்டுத் தடவிச் செருகுபவர்கள் அங்கே அழுத்திப் பின்களை வளைத்துவிடுகிறார்கள். கணினியைத் திருப்பி வைத்து, கண்ணால் பார்த்துச் செருகுங்கள். நேராகப் பிடித்து இரு ஓரங்களிலும் சமமாக அழுத்தினால் போதும்.

செருகிய பிறகு கேபிளின் பாரம் சாக்கெட்டில் தொங்காதபடி டிரைவைக் கணினிக்கு அருகிலேயே வையுங்கள். பவர் சப்ளை பெட்டியின் மேலோ மானிட்டருக்கு ஒட்டியோ வைக்காதீர்கள். அங்குள்ள காந்தப்புலம் படிப்பில் பிழையை உண்டாக்கும்.

டிரைவின் பின்னால் ஒரு சிறு ஸ்விட்ச் இருந்தால் அது டிரைவைக் கணினியிடமிருந்து மறைப்பதற்கானது. அதை 'இயங்கும்' பக்கம் தள்ளுங்கள். டிரைவ் வேலை செய்யவில்லை என்று கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த ஸ்விட்ச்சைத்தான்.

6. முதல் முறை இயக்கும்போது

இரண்டு டிரைவிலும் டிஸ்க் இல்லாமல் கணினியைப் போடுங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வெளி டிரைவ் தன் தலையை ஓரத்துக்கு நகர்த்தும் ஒலி ஒருமுறை கேட்கும். பிறகு சில நொடிகளுக்கு ஒருமுறை டிரைவ்களிலிருந்து 'டக்' என்று ஒலி வந்துகொண்டே இருக்கும்.

அந்த 'டக்' பழுது அல்ல. டிஸ்க் போடப்பட்டதா என்பதைத் தலையை ஒரு படி நகர்த்திப் பார்த்தால்தான் அமிகாவால் அறிய முடியும். வெளி டிரைவ் 'டக்' என்கிறதா? கணினி அதைக் கண்டுகொண்டது என்று பொருள். டிஸ்க் போட்டதும் ஒலி நின்றுவிடும்.

திரை வழக்கமான நிறங்களில் வராமல் கறுப்பாகவே நின்றாலோ, விளக்கு மங்கினாலோ, உடனே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டாம்.

7. முதலில் படியுங்கள், பிறகு எழுதுங்கள்

வொர்க்பெஞ்ச் டிஸ்க்கில் கணினியைத் தொடங்குங்கள். எழுதாமல் தடுக்கும் துளையைத் திறந்து வைத்த ஒரு நல்ல டிஸ்க்கை வெளி டிரைவில் போடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் துளை திறந்திருந்தால் பாதுகாப்பு, மூடியிருந்தால் எழுதலாம். திரையில் டிஸ்க்கின் பெயரோடு ஒரு சின்னம் வர வேண்டும். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகள் சிலவற்றை ஓட்டிப் பாருங்கள்.

சோதனைக்கு விளையாட்டு டிஸ்க்கை எடுக்காதீர்கள். பல விளையாட்டுகள் தங்களுக்கென்று தனி வடிவத்தில் எழுதப்பட்டவை. அவற்றை வொர்க்பெஞ்ச் 'கெட்டுப்போன டிஸ்க்' என்றே காட்டும். இதைப் பார்த்து நல்ல டிரைவைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

படிப்பது சரியென்றால், வெற்று டிஸ்க் ஒன்றை வெளி டிரைவில் போட்டு ஃபார்மட் செய்யுங்கள். 80 தடங்கள், இரு பக்கம், தடத்துக்கு 11 பிரிவுகள் என்று எழுதி முடிக்கச் சற்று நேரமாகும். பிறகு சில கோப்புகளை அதில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கை உள் டிரைவில் போட்டுப் படியுங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையைத் தவறவிடக் கூடாது. தலை சற்றே விலகிய டிரைவ், தான் எழுதியதைத் தானே பிழையில்லாமல் படித்துவிடும், ஏனென்றால் எழுதிய இடமும் படிக்கும் இடமும் ஒரே அளவுக்கு விலகியிருக்கின்றன. வேறு டிரைவில் போட்டால்தான் உண்மை தெரியும். உள் டிரைவ் எழுதியதை வெளி டிரைவிலும் அதேபோல் சோதியுங்கள். இரு திசையிலும் தேறும்வரை முக்கியமான எதையும் வெளி டிரைவில் எழுத வேண்டாம்.

8. அன்றாடப் பயன்பாட்டில் தடுக்கும் இடங்கள்

கிக்ஸ்டார்ட் 1.3 பிளாப்பியில் தொடங்குவதென்றால் டிஎஃப்0-இலிருந்து மட்டுமே தொடங்கும். வெளி டிரைவில் வொர்க்பெஞ்ச் டிஸ்க்கைப் போட்டுக் காத்திருந்தால் கையின் படம் போகாது. கிக்ஸ்டார்ட் 2-இலிருந்து, தொடங்கும்போது மவுஸின் இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் வேறு டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

'இந்தப் பெயருள்ள டிஸ்க்கை ஏதாவது ஒரு டிரைவில் போடுங்கள்' என்று கணினி கேட்டால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அமிகா டிஸ்க்கை அதன் பெயரால் தேடுகிறது, எந்த டிரைவில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். உள் டிரைவிலேயே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் இரண்டாவது டிரைவ் எதற்கு?

முழு டிஸ்க்கை நகலெடுக்க, மூல டிஸ்க்கை ஒரு டிரைவிலும் வெற்று டிஸ்க்கை மற்றதிலும் போட்டு, முதலாவதன் சின்னத்தை இழுத்து இரண்டாவதன் மேல் விடுங்கள். நகலெடுக்கும் நிரல் வொர்க்பெஞ்ச் டிஸ்க்கில் இருப்பதால் நடுவில் ஒருமுறை அதைக் கேட்கும். மூல டிஸ்க்கின் துளை திறந்திருக்கிறதா என்று தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள். திசை மாறினால் மூலம் அழிந்துவிடும்.

டிரைவின் விளக்கு எரியும்போது டிஸ்க்கை எடுக்கக் கூடாது. திரையில் வேலை முடிந்ததுபோல் தெரிந்த பிறகும் எழுத வேண்டியது சில நொடிகள் பாக்கி இருக்கும். விளக்கு அணைந்த பின்னரே எடுங்கள்.

இன்னொன்று, வைரஸ். 1987-இல் பரவிய எஸ்சிஏ வைரஸ் முதற்கொண்டு அமிகாவின் பல வைரஸ்கள் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் குடியிருப்பவை. கண்ட்ரோல், அமிகா, அமிகா விசைகளை அழுத்தி மறுதொடக்கம் செய்தாலும் நினைவகத்தில் தங்கியிருக்கும். யாரிடமிருந்தோ வந்த டிஸ்க்கை ஓட்டிய பிறகு கணினியை முழுதாக அணைத்து, அரை நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

9. விளையாட்டு ஓடாமல் நின்றால்

டிஎஃப்1 சேர்ந்ததும் மேல்பட்டையில் தெரியும் மீதி நினைவகத்தை, நீங்கள் குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்திருக்கும். ஒவ்வொரு டிரைவுக்கும் இயங்குதளம் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறது. 512 கேபி மட்டும் உள்ள 500-இல் சில விளையாட்டுகள் அந்த இடமும் தங்களுக்கு வேண்டும் என்று எழுதப்பட்டவை. டிரைவைச் சேர்த்ததும் அவை நின்றுவிடும். கணினியை அணைத்து, டிரைவின் ஸ்விட்சை 'மறை' பக்கம் தள்ளி, மீண்டும் போடுங்கள். ஸ்விட்ச் இல்லாத டிரைவென்றால், அணைத்த பிறகு கேபிளைக் கழற்றுவதுதான் வழி.

10. இன்னும் டிரைவ்கள் சேர்க்க

மொத்தம் நான்கு டிரைவ்களை அமிகா ஏற்கும்: உள்ளே ஒன்று, வெளியே மூன்று. டிரைவின் பின்னால் இன்னொரு 23 துளைச் சாக்கெட் இருந்தால் அடுத்த டிரைவை அதில் செருகலாம். எண்ணை நாம் அமைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு டிரைவும் தேர்வு இணைப்புகளை ஒரு படி நகர்த்தி அடுத்ததற்குத் தருவதால், சங்கிலியில் நிற்கும் இடமே எண்ணைத் தீர்மானிக்கிறது. பின்சாக்கெட் இல்லாத டிரைவைக் கடைசியில் வையுங்கள்.

ஒன்றைச் சேர்த்து முழுதும் சோதித்த பிறகே அடுத்தது. இரண்டாவது வெளி டிரைவிலிருந்து, தனிப் பவர் சப்ளை உள்ளதாகவே தேர்ந்தெடுங்கள்.

11. இன்னும் வேலை செய்யவில்லையா

'டக்' ஒலியே இல்லை: ஸ்விட்ச், கேபிள், இணைப்பியில் வளைந்த பின் என்ற வரிசையில் பாருங்கள். டிரைவை வேறொரு அமிகாவில் சோதிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

'டக்' கேட்கிறது, எந்த டிஸ்க்கும் படிக்கவில்லை: தலைகளை மீண்டும் துடையுங்கள். பிறகு வேறு டிஸ்க்கை முயலுங்கள். தலையின் இடத்தைத் தீர்மானிக்கும் திருகுகளை ஊகத்தில் தொடாதீர்கள்.

மோட்டார் சுழலத் தொடங்கும்போது கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறது: பவர் சப்ளை தளர்ந்துவிட்டது. நல்ல சப்ளை கிடைக்கும்வரை டிரைவைக் கழற்றி வையுங்கள்.

கேபிளை ஓட்டத்தில் செருகிய பிறகு உள் டிரைவும் நின்றுவிட்டது: 8520 சில்லுகளைச் சந்தேகியுங்கள். 500-இல் இரண்டும் ஒரே மாதிரியானவை, பெரும்பாலும் சாக்கெட்டில் இருப்பவை. மின்சாரத்தைத் துண்டித்து, கையில் உள்ள நிலைமின்சாரத்தைப் பூமியில் இறக்கிவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது இடம் மாறினால், அதாவது டிரைவ் ஓடத் தொடங்கி வேறு ஏதாவது நின்றுவிட்டால், ஒரு சில்லு போய்விட்டது. மாற்றுச் சில்லைப் போட்ட பிறகு வெளி டிரைவை உடனே செருகாமல், மூன்றாவது படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.